செவுத்தோட மல்லுக்கட்டாத கண்ணு

வா கண்ணு, சித்த இப்படி உக்காரு. காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஆசாரத்துல இருந்து திண்ணைக்கு, திண்ணையில இருந்து பொடக்காலிக்கு, அங்கிருந்து கட்டுத்தரைக்குன்னு நடக்கறே. உனக்குச் சம்பளம் வேலைக்குத் தர்றாங்களா, நடக்கறதுக்குத் தர்றாங்களா? மாட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு "கேக்குதுங்களா, கேக்குதுங்களா"ன்னு கத்துனயே, மாட்டுக்கு நல்லாவே கேட்டுச்சு. திரும்பிக்கூடப் பாத்துச்சு. உன்ற மேனேஜருக்குத்தான் கேக்கல.

நேத்து கூரியர்ல ஒரு வைஃபை பொட்டி வந்துச்சு. எண்ணிப் பாத்தேன், ஆறு கொம்பு. அதுக்கு முந்தி வந்த பொட்டிக்கு நாலு. எருமைக்கே ஆண்டவன் ரெண்டு போதும்னு விட்டிருக்கறான், உங்க கம்பெனிக்காரனுக்குத்தான் மனசு ஆறல. அடுத்த மாசம் எட்டுக் கொம்பு வந்தா, மாட்டுப் பொங்கலுக்கு அதுக்கும் ஒரு கை வர்ணம் அடிச்சுப்போடலாம்.

அப்புச்சிக்கு என்ன தெரியும்னு சிரிக்காத. பிஎஸ்என்எல்லுன்னு பேர் வைக்கறதுக்கு ரொம்ப முந்தி, தந்தி தபால் இலாகா காலத்துலயே லைன்மேனாக் கம்பம் ஏறினவன் நான். ராசிபுரத்துல இருந்து புதுச்சத்திரம் வரைக்கும் பெரிய பெரிய ஊட்டுச் செவுத்துலயெல்லாம் ஓட்டை போட்டு வயரை உள்ள விட்டவன். அந்த ஊட்டுப் பெரியவங்கெல்லாம் "என்ற செவுத்துல ஓட்டையா"ன்னு மொறைப்பாங்க. மணி அடிச்சு மகன் பம்பாயில இருந்து பேசினதும் காப்பி குடுப்பாங்க. அதனால செவுரு விசயத்துல எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

இந்தச் செவுரைப் பாரு. உன்ற அம்மாயியோட மாமனாருக்கும் அப்பன் கட்டினது. ரெண்டடி கனம். இடுப்பு உசரத்துக்குக் கருங்கல்லு, அதுக்கு மேல மண்ணு, ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பூச்சு. பங்குனி வெயிலே உள்ள வரக்கூடாதுன்னு கட்டின செவுரு, உன்ற வைஃபையை மட்டும் "வாங்க மாப்பிள்ளை"ன்னு கூப்பிட்டு உள்ள விடுமா? ஐப்பசி அடைமழை வந்தா இந்த மண்ணு ஈரத்தைக் குடிச்சுக்கிட்டு நிக்கும். தண்ணி ரேடியோ அலையை முழுங்கும். போன மழைக்கு "நெட்டு ஸ்லோ, கம்பெனிக்காரன் ஏமாத்தறான்"னு அவனைத் திட்டித் தீத்தயே, அந்தப் பாவத்துல பாதி இந்தச் செவுத்துது.

மீதிப் பாதி உன்னுது. ரவுட்டரை எங்க வெச்சிருக்கறே? கேபிள்காரத் தம்பி எங்க வெச்சுட்டுப் போனானோ அங்கயே. அவனுக்கு எந்த எடத்துக்கு வயர் எட்டுச்சோ அதான் எடம். டிவிப் பொட்டிக்குப் பின்னாடி, கீழ் தட்டுல. பக்கத்துல உன்ற அம்மாயிக்குச் சீரா வந்த இரும்பு பீரோ, அது கதவுல ஆளுயரக் கண்ணாடி. இரும்பும் ரசம் பூசின கண்ணாடியும் அலையை வந்த வழியே திருப்பி அடிச்சுப்போடும். ஆக உன்ற ஆறு கொம்பும் ராப்பகலா பீரோவுக்குத்தான் சினிமா காட்டிக்கிட்டு இருக்குது.

நம்மூடு தொட்டிக்கட்டு ஊடு கண்ணு. நடுவுல வானம் பாத்த தொட்டி, சுத்தியும் தாழ்வாரம், ஒவ்வொரு ரூமுக்கும் கதவு தொட்டியைப் பாத்துத்தான் தெறக்குது. ரவுட்டரை எடுத்துக்கிட்டு வந்து, சாரல் அடிக்காத பக்கமாத் தாழ்வாரத்துத் தூண்ல, ஆள் தலைக்கு மேல ஒரு முழம் உசரத்துல மாட்டு. கதவு வழியா வர்றவனுக்குச் செவுத்தைக் குடையற வேலை இல்ல. கொம்புங்களை நேரா நிறுத்து. அந்தக் குச்சி பக்கவாட்டுலதான் எச்சா வீசும், நுனிப் பக்கம் ஒண்ணும் வராது. நீ என்னமோ பீரங்கியாட்டம் கட்டுத்தரையைக் குறி வெச்சுச் சாச்சு வெச்சிருக்கறே. இதுக்குச் செலவு ரெண்டு ஸ்க்ரூ. அதுவும் அட்டாலியில டப்பாவுல கெடக்குது, காசு குடுக்க வேண்டாம்.

இன்னொண்ணு. அந்தப் பொட்டியில ரெண்டு பேர் காட்டுமே, ஒண்ணு 2.4, இன்னொண்ணு 5. நீ ஸ்பீடு எச்சான்னு அஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வர்றே. 2.4 அலை நீளமானது, அஞ்சு அங்குலம் வரும். அஞ்சோட அலை ரெண்டங்குலச் சொச்சம். குட்டை அலை ஒரே ரூமுக்குள்ள பறக்கும், கனமான செவுத்தைக் கண்டாப் படுத்துக்கும். திண்ணைக்கு வந்தா 2.4க்கு மாத்திக்க. வேகம் கம்மிதான். உன்ற மேனேஜர் மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சே ஆகணும்னு எனக்குத் தோணல.

கொம்பு எச்சாப் போட்டா எச்சாப் போகும்னு நெனைக்கறயே, அங்கதான் ஏமாத்தம். இந்த 2.4ஐ லைசென்சு இல்லாம வெச்சுக்கலாம்னு நம்ம சர்க்காரு 2005ல விட்டுச்சு. அஞ்சு பக்கத்துல இன்னும் கொஞ்சம் எடத்தை 2018ல விட்டுச்சு. சும்மா விடல, இவ்வளவு சத்தத்துக்கு மேல கத்தக்கூடாதுன்னு அளவு வெச்சுத்தான் விட்டுச்சு. கொம்பு நாலானாலும் நாப்பதானாலும் அந்த அளவுக்குள்ளதான். அதுவும் போகட்டும். ரவுட்டர் கத்தினது உனக்குக் கேட்டுப்போச்சுன்னே வெச்சுக்க. உன்ற போன் திரும்பப் பேச வேண்டாமா? அதுக்குத் தொண்டை சின்னது. அதனாலதான் திண்ணையில நிக்கும்போது நாலு கோடு தெரியுது, ஒரு பக்கமும் தெறக்க மாட்டேங்குது.

இதுக்கு நடுவுல ரிப்பீட்டர்னு ஒண்ணு வாங்கிச் சொருகினே. அது யார்னு தெரியுமா? அந்தக் காலத்துல எழவு சொல்லப் போற ஆளு. இங்க ஒருக்காக் கேக்கணும், நடந்து போய் அங்க ஒருக்காச் சொல்லணும். கேக்கும்போது பேச முடியாது, பேசும்போது கேக்க முடியாது. ஒத்தை ரேடியோ வெச்ச ரிப்பீட்டர்ல வேகம் பாதியாப் போறது அதனாலதான். இதுல நீ அந்த ஆளைக் கொண்டுபோய்க் கட்டுத்தரைக்குப் பக்கத்துல நிக்க வெச்சிருக்கறே, ரவுட்டர் சொல்றது அவனுக்கே கேக்கல. காதுல விழாதவன் என்னத்தைச் சொல்லுவான்? அவனை நிறுத்தினா, ரெண்டு பக்கமும் கேக்கற நடு எடத்துல நிறுத்தணும். அவனுக்கும் பொட்டிக்கும் நடுவுல வயரையே போட்டுட்டா அவன் நடக்கற வேலையே இல்ல. மெஷ்ஷுன்னு மூணு பொட்டி சேத்து விக்கறானே, அதுக்கும் இதே பழமைதான்.

நம்ம நாமக்கல்லு ஆஞ்சநேயரைப் பாரு. கோட்டையில பதினெட்டடி உசரத்துக்கு நிக்கறாரு, தலைக்கு மேல கூரை இல்ல, வெயிலும் மழையும் அவரு மேலதான். கூரை வேண்டாம்னு நின்னவருக்கு சிக்னல் கோளாறே கெடையாது. எதுத்தாப்புல நாமகிரித் தாயார். கணித மேதை ராமானுஜம் ஊட்டுக் குலதெய்வம். கனவுல வந்து கணக்குச் சொல்லிக் குடுத்தது அந்தத் தாயாருன்னு அவரே சொல்லுவாராம். நாமக்கல்லுல இருந்து கும்பகோணத்துக்கும், அங்கிருந்து சீமைக்கும் கணக்குப் போயிருக்குது, நடுவுல ஒரு ரவுட்டர் இல்ல. உனக்கு அந்த யோகம் இல்ல சாமி. நீ போடறது எக்செல் கணக்கு. அதுக்கு வயர்தான் வேணும்.

வயருன்னு சொன்னதும் மூஞ்சி சுருங்குது பாரு. "செவுத்துல ஓட்டை போடணுமே அப்புச்சி"ங்கறே. நீ எந்த ஊர்க்காரன்? திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி இந்தியா பூராப் போய், ஆயிரம் அடிக்குப் பாறையைக் குடைஞ்சு தண்ணி காட்டிட்டு வருது. எந்த மாநிலத்து ரோட்டுல போர் வண்டி நின்னாலும் கதவுல நம்மூர் பேர் இருக்கும். பூமிக்கே ஓட்டை போடற ஊர்ல பொறந்து போட்டு, ரெண்டடிச் செவுத்துக்கு அரையங்குல ஓட்டை போடப் பயப்படறே. இது வெளிய தெரிஞ்சா உனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க.

சரி, ரகசியம் சொல்றேன், ஓட்டையே போட வேண்டாம். மேல பாரு, செவுரு முடியற எடத்துக்கும் ஓட்டுக்கும் நடுவுல ஒரு கை நுழையற சந்து. அணிலு அதுலதான் போய் வருது, உன்ற அம்மாயி காயப்போட்ட நெலக்கடலையெல்லாம் அந்த வழியாத்தான் ஏத்துமதி ஆகுது. அணில் போற வழியில வயரை விடு. ஆனா அது கடிச்சுப்போடும். பிவிசி பைப்புக்குள்ள விட்டுத்தான் கொண்டுபோகணும்.

கடைக்குப் போனா வயரு ரெண்டு தினுசு காட்டுவான். ஒண்ணு சாம்பல் கலரு, ஊட்டுக்குள்ள ஓட்டறது. அதை வெயில்ல போட்டா தோலு வெடிச்சு உதிரும். வெளிய போறதுக்குக் கறுப்புத் தோலு போட்ட கேட்-6னு கேளு. செம்பான்னு கேளு. செம்பு பூசின அலுமினியத்தைச் செம்புன்னு தள்ளிவிடற கடைக்காரங்க உண்டு. வெட்டின முனையைக் கத்தியில சொரண்டிப் பாரு, வெள்ளையாத் தெரிஞ்சா அங்கயே வெச்சுட்டு வா. வயரை ஊட்டுக்கு உள்ள வாங்கற எடத்துக்கு முன்னாடி, அந்தச் சந்துக்குக் கீழ ஒரு தொங்கல் விட்டுட்டு அப்புறம் மேல ஏத்து. மழைத்தண்ணி வயரைப் பிடிச்சுக்கிட்டு உருண்டு வந்து அந்தத் தொங்கல்ல சொட்டிப்போடும், பொட்டிக்குள்ள வராது. நான் மாட்டின டெலிபோன் வயரெல்லாம் இப்படித்தான். முப்பது வருசம் கழிச்சும் அந்தத் தொங்கல் சில ஊட்டுல இன்னும் ஆடுது. போன்தான் இல்ல.

வயரோட அந்த முனையில, திண்ணைக்கு வெளிய இறவாரத்துக்கு அடியில, மழை வெயில் தாங்கற அவுட்டோர் பொட்டி ஒண்ணு மாட்டு. அதுக்குத் தனியாக் கரண்டு லைன் இழுக்க வேண்டாம், அதே வயர்லயே கரண்டும் போகும். பிஓஇன்னு சொல்லிக் கேளு. திண்ணை, களம், வேப்ப மரத்தடி, கட்டுத்தரை எல்லாத்துக்கும் அது ஒண்ணு போதும், நடுவுல செவுரே இல்லயே. இந்தக் கட்டலுக்கும் வரும். எனக்கு அதனால ஆதாயம் ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்.

ஊட்டு விசயம் இதோட முடிஞ்சுது. இப்ப உன்ற மாமன் கோழிப்பண்ணைக்கு வருவோம். அவனுக்கு அங்க கேமரா வேணும். முட்டை வெலை என்.இ.சி.சி. என்ன சொல்லுச்சுன்னு பாத்துக்கிட்டே, தீவன மூட்டை எத்தனை எறங்குச்சுன்னும் பாக்கணும். மூட்டை கணக்குல அவனுக்கு யார் மேலயோ சந்தேகம். யார் மேலன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

ஊட்டுல இருந்து செட்டு ஒரு பர்லாங்குக்குக் கொஞ்சம் கம்மி. செட்டுக்குச் செவுரே இல்ல, நாலு பக்கமும் வலைதானே, சிக்னல் சும்மா பறந்து போகும்னு நெனைக்கறே. அங்கதான் மண்ணுச் செவுத்தை விடப் பெரிய வில்லன் உக்காந்திருக்கான். சீமையில ஃபாரடேன்னு ஒருத்தர் 1836ல கம்பி வலையும் தகடும் அடிச்சு ஒரு கூண்டு கட்டி உள்ள போய் நின்னாரு. வெளிய எத்தனை மின்சாரத்தைப் பாய்ச்சினாலும் உள்ள ஒண்ணும் ஆகல. உன்ற மாமன் அதையே நாப்பது கோழிக்கு ஒரு வரிசைன்னு செட்டு முழுக்கக் கட்டி வெச்சிருக்கான். கூண்டு கம்பி, பக்கம் கம்பி வலை, மேல தகரம். வலைக் கண்ணு அலையை விட ரொம்பச் சின்னதா இருந்தா அலை திரும்பி ஓடும். மைக்ரோவேவ் அடுப்புக் கதவுல புள்ளி புள்ளியாத் தகடு இருக்குதே, அதுவும் இதுக்குத்தான். வேடிக்கை என்னன்னா, செவுத்துக்கிட்டத் தோத்த அந்தக் குட்டை அலை வலைச் சந்துல கொஞ்சம் எச்சா நுழையும். ஆனா அங்க வரைக்கும் போய்ச் சேந்தாத்தானே? அதனால செட்டுக்கு வெளிய எத்தனை பெருசா வெச்சாலும் பிரயோசனம் இல்ல, பொட்டி செட்டுக்குள்ளயே இருக்கணும். கேள்வி, அதுவரைக்கும் நெட்டை எப்படிக் கொண்டுபோறதுங்கறதுதான்.

கேட்-6 வயரு நூறு மீட்டருக்கு மேல வேலை செய்யாது, அதாவது 328 அடி. நமக்கு அது பத்தாது. கரண்டு வயர்லயே நெட்டை அனுப்பற பொட்டி ஒண்ணு இருக்குதுன்னு உன்ற மாமன் எங்கயோ கேட்டுட்டு வந்தான். அவன்கிட்டச் சொல்லு, ஊட்டு மீட்டரு வேற, செட்டு மீட்டரு வேற, கிணத்து மோட்டாருக்கு இலவசக் கரண்டு லைன் வேற. ஒரு மீட்டர் தாண்டி இன்னொரு மீட்டருக்கு அது ஒழுங்காப் போகாது. ஒரே ஊட்டுக்குள்ளயே ஃபேஸ் மாறினா மொணங்கும்.

ஆகாசத்துல அனுப்பலாம், அது நெசம்தான். தேனியில அரவிந்த் கண்ணாஸ்பத்திரிக்கு அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டிக்காரங்க வந்து செஞ்சு குடுத்தாங்க, 2005 வாக்குல. எரிக் புரூவருன்னு ஒரு வாத்தியாரோட ஆளுங்க. இதே வைஃபைதான். கிராமத்துல ஒரு சின்ன கண் மையம், ஆஸ்பத்திரியில ஒரு கம்பம், ரெண்டுக்கும் ஒண்ணையொண்ணு பாத்த மாதிரி ஆண்டெனா. பல மைலுக்கு அக்கட்ட இருக்கற பாட்டி கண்ணை டாக்டரு வீடியோவுல பாத்து, ஆப்பரேசன் வேணுமா, கண்ணாடி போதுமான்னு சொல்லுவாரு. உன்ற நெட்டு முப்பது அடி தாண்டாதுங்கறே, அவங்க மைல் கணக்குல தாண்டினாங்க. முக்கியமான சூட்சுமம் ரெண்டு. நாலா பக்கமும் தெளிக்காம ஒரே பக்கமாக் குவிச்சாங்க. நடுவுல ஒண்ணும் மறைக்காம உசரமான கம்பத்துல ஏத்தினாங்க.

அவங்களுக்கு எது எச்சாக் கெட்டுப்போச்சு தெரியுமா? ரேடியோ இல்ல, கரண்டு. திடீர்னு ஏர்ற வோல்டேஜ், எறங்கற வோல்டேஜ், அதுல போர்டு கருகிக் கருகிப் போச்சு. அதை அவங்களே 2008ல கட்டுரையாப் போட்டாங்க. கிராமத்து நெட்டைச் சாகடிக்கறது பெரும்பாலும் கரண்டுதான்னு கண்டுபிடிக்க அங்கிருந்து இங்க வரணுமா? என்னைக் கேட்டிருந்தா ஒரு எளநிக்குச் சொல்லியிருப்பேன். அதனால எந்தப் பொட்டி வாங்கினாலும் கூடவே ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வோல்டேஜ் காப்பானும் வாங்கு. கொம்புக்குக் குடுக்கற காசை இதுக்குக் குடு.

ஆனா நமக்கு ஆகாச வழி சரிப்படாது கண்ணு. நடுவுல என்ற தென்னை நிக்குது. அம்பது அடி மரம், காத்துல மட்டை ஆடினா உன்ற நெட்டும் ஆடும். மழையில நனைஞ்ச ஓலை அலையைக் குடிக்கும். மரத்துக்கு மேல போகணும்னா அறுபதடிக் கம்பம் நட்டு ஆகணும். சித்திரையில கோடை மழை இடியோட வர்ற காட்டுல அறுபதடி இரும்புக் கம்பத்தை நட்டு வெச்சா, மொத நெட்டு வாங்கறது இடிதான். மட்டையை வெட்டலாமேன்னு வாயைத் தெறந்தே, உனக்கு இன்னிக்கி மோரு கெடையாது.

பாரத்நெட்டுன்னு நம்ம தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் இழுக்கறதுன்னு திட்டம் போட்டிருக்காங்களே, அந்த ஃபைபரேதான் நமக்கும். கண்ணாடி நூலு. ஒரு பர்லாங்கு அதுக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் விடப் பெரிய சௌகரியம், கண்ணாடியில கரண்டு போகாது. செட்டுல இடி எறங்கினாலும் அந்த வழியா உன்ற லேப்டாப்புக்கு வந்து சேராது. செம்பு வயரா இருந்தா ஒறம்பரை மாதிரிச் சொல்லாமக் கொள்ளாம உள்ள வந்து உக்காந்துக்கும். ஒரு சங்கதி மட்டும் பாத்துக்க. கேபிள்காரங்க தொங்கவிடற கறுப்பு ஃபைபர்ல, பாரம் தாங்கறதுக்கு ஒரு இரும்புக் கம்பி கூடவே ஓடும். ரெண்டு முனையிலும் அதைத் தனியாப் பிரிச்சு நறுக்கிப்போட்டு, நூலை மட்டும் உள்ள கொண்டுபோ. முனை ஒட்டறதுக்கு கேபிள்காரத் தம்பி மெஷினோட வந்துருவான். ரெண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர்னு ஒரு குட்டிப் பொட்டி, உன்ற ஆறு கொம்பு வெலையில நாலஞ்சு வாங்கலாம்.

கிணத்து மோட்டார் ரூமுக்கும் வைஃபை வேணும்னு லிஸ்ட்டுல எழுதியிருந்தே, அதை அடிச்சுப்போடு. அங்க இருக்கற ஸ்டார்ட்டருக்குள்ள சிம்மு இருக்குது. நான் இங்க படுத்துக்கிட்டே போன் போட்டா மோட்டார் ஓடும், இன்னொருக்காப் போட்டா நிக்கும். வைஃபை கண்டுபிடிச்சவனுக்கு அது போதல, எனக்குப் போதும்.

ஃபைபரைக் கம்பத்துல தொங்கவிடாத. லோடு லாரி மேல தீவன மூட்டை ஏத்திக்கிட்டு வர்றவன் ஒருநாள் அறுத்துக்கிட்டுப் போயிருவான். மண்ணுக்கு அடியில போகட்டும். டிராக்டர் கொழு எட்டாத ஆழம், ரெண்டடி வெட்டிக்க. கறுப்பு எச்டிபிஈ பைப்புக்குள்ள விட்டா எலிக்கும் சுலபத்துல எட்டாது. பாதை ஊட்டுல இருந்து நேரா செட்டுக்குப் போகக்கூடாது, வண்டிப்பாதையில மண்ணு அழுந்தும். இப்படிச் சுத்தி, தென்னை வரிசை ஓரமாவே போகட்டும். கொஞ்சம் நீளம் எச்சா வரும், ஃபைபருக்கு அதெல்லாம் ஒரு கணக்கா?

அப்புறம் இன்னொண்ணு, குழி வெட்டறதுதான் வெட்டறே, மூடறதுக்கு முந்தி என்னை ஒருக்காக் கூப்பிடு. சொட்டுநீர்ப் பைப்பு ரெண்டு உருளை, மானியத்துல வந்தது, மூணு வருசமா அட்டாலியில கெடக்குது. தென்னை ஓரமாக் குழி தோண்டறதுக்கு ஆளுக்குக் கூலி குடுத்து மாளாதுன்னு அப்படியே போட்டு வெச்சிருந்தேன். மெயின் பைப்பு அடியில போகட்டும், உன்ற கண்ணாடி நூலு அதுக்கு மேல போகட்டும். கடப்பாரை கட்டுத்தரையில சாத்தி வெச்சிருக்கறேன். மம்முட்டிக்கு நேத்தே காம்பு போட்டாச்சு. வெயில் ஏறறதுக்குள்ள ஆரம்பி கண்ணு.